மங்கல் மெருகு இருப்பில் இல்லை

உலோகத்தைக் கையால் தொடாமலேயே உலோகத்துக்குத் தரம் சொல்கிற நிலையம் ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. மேற்பரப்பு மதிப்பீட்டு நிலையம் என்று பெயர். மூன்று மாடி, வழவழவென்று தரை, வாசலில் தண்ணீர் வராத நீரூற்று. அந்த நிலையத்துக்கு என் முகத்தைக் கொஞ்ச காலம் கொடுத்து வைத்திருந்தேன். கையெழுத்து கேட்கிற எந்த இடத்துக்குள்ளும் நான் காலை வைக்கிறவன் இல்லை. லாரி ஓட்டிய காலத்தில் செக்போஸ்ட்டுகளில் கற்ற பாடம் அது. இந்த இடத்துக்குப் போனது அண்ணனுக்காக. கூட்டிக்கொண்டு போனது மச்சினன்.

என் அண்ணன் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவர். பார்த்தவர் என்று சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்து பெரியாஸ்பத்திரியின் நீண்டகால வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறார். கழுத்துக்குக் கீழே ஒன்றும் வேலை செய்யவில்லை. கழுத்துக்கு மேலே கண் மட்டும். இமையை மூடித் திறந்தால் சரி என்று அர்த்தம், கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டால் வேண்டாம் என்று அர்த்தம். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டுதான் அவர் காலம் தள்ளுகிறார்.

நடமாடிய காலத்தில் முகத்தை மழிக்காமல் கடை திறந்ததே இல்லை. காய்ச்சலில் படுத்தால்கூட மழித்துவிட்டுத்தான் படுப்பார். கடிகாரத்துக்குள் தூசி விழக்கூடாது என்கிற மாதிரியே முகத்தையும் வைத்திருந்தார். அதனால் வார்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம் செய்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஒருநாள் போனபோது அவர் தாடையில் பஞ்சு பஞ்சாக ஒட்டியிருந்தது. பஞ்சு முழுக்க ரத்தம்.

சவரம் செய்கிற வார்டு ஆளைப் பிடித்தேன். "என்னய்யா இது, கோழி உரிச்ச மாதிரி பண்ணி வெச்சிருக்க?"

அவர் கோபப்படவில்லை. டிராயரை இழுத்து ஒரு ரேசரை எடுத்துக் காட்டினார். தலையிலிருந்து கைப்பிடி அடி வரைக்கும் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. என் மூக்குத்துவாரம் அதில் தெரிந்தது.

"பழசெல்லாம் தேஞ்சு போச்சுன்னு இதை அனுப்பியிருக்காங்க. சோப்புத் தண்ணி பட்டா கையிலயே நிக்கமாட்டேங்குது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பம்பரமா சுத்துது. அழற நோயாளின்னா கைய எடுத்துடுவேன். உங்க அண்ணன் சத்தமே போடமாட்டேங்கறாரு, எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் என்னோடதைக் கொண்டு வரேன். பழசுதான், மங்கலா இருக்கும், வழுக்காது."

"கொண்டாங்க. வாசல்லயே பிடுங்கி வெச்சுப்பாங்க. வெளிச்சாமான் எதுவும் உள்ள வரக்கூடாது. போன வாரம் ஒருத்தர் சீப்பு கொண்டு வந்தாரு. அது இன்னும் செக்யூரிட்டி மேசையில கெடக்கு, செக்யூரிட்டிதான் தலை வாரிக்கறான்."

பிறகு அவர்தான் சொன்னார். இது தற்காலிகமாக வந்த சரக்கு. கண்ணாடி மெருகா, தங்கப் பூச்சா, மங்கல் மெருகா என்று மேற்பரப்பு நிலையத்தில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அதுதான் எல்லா ஆஸ்பத்திரிக்கும், எல்லா முதியோர் விடுதிக்கும். அப்புறம் மாற்றவே மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவிக்கு அடுப்பிலிருந்து தலையைத் திருப்பவேண்டிய அவசியம்கூட இல்லை.

"என் தம்பி அங்கதானே இருக்கான். அவன்கிட்ட சொல்லாம செவுத்துகிட்டயா சொல்றீங்க?"

மச்சினன் அந்த நிலையத்தில் சோதனை அறை உதவியாளன். அந்த வேலை அவனுக்குக் கிடைத்ததே அண்ணனால்தான். அப்போதிருந்த இயக்குநரின் கடிகாரம் ஓடாமல் கிடந்தது. அண்ணன் அதை ஓடவைத்துவிட்டு, என் தம்பி பொண்டாட்டியோட தம்பி ஒருத்தன் சும்மா இருக்கான் என்று ஒரு வார்த்தை போட்டார். வாழ்க்கையில் அண்ணன் யாரிடமும் கேட்ட ஒரே உதவி அதுதான், அதையும் தனக்காகக் கேட்கவில்லை.

மச்சினன் அன்று சாயங்காலமே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் கண் கலங்கினான். நடிக்கவில்லை. அவனுக்குச் சுலபமாகக் கலங்கும்.

"பெரிய அத்தான் முகத்துலயா? அத்தான், நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. ஒப்பாய்வுக்கு ஒரு சாதாரண பயனாளர் வேணும்னு தேடிட்டு இருக்காங்க. முரட்டுத் தாடி, படிப்பு கம்மி. நீங்க வந்து உட்காருங்க. எது வழுக்குதுன்னு உங்க வாயாலயே சொல்லுங்க. நான் பக்கத்துலயே இருப்பேன்."

"நான் சொன்னா எழுதிக்குவாங்களா?"

"அதுக்குத்தானே அத்தான் பயனாளர்."

போனேன்.

முதலில் பாதுகாப்பு அதிகாரி என் முகத்தைப் பரிசோதித்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். மரு, தழும்பு, குழி எல்லாவற்றையும் ஒரு படத்தில் குறித்துக்கொண்டார். பிறகு, இன்றிலிருந்து ஒப்பாய்வு முடியும் வரை இந்த முகம் நிலையத்தின் பொறுப்பு, வெளியிடங்களில் மழிக்கக்கூடாது என்றார்.

"அழலாமா?" என்று கேட்டேன்.

"அது பற்றி விதி இல்லை" என்றார். யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

சோதனை அறையில் வெல்வெட் மெத்தை மேல் மூன்று ரேசர்கள். கண்ணாடி மூடி. மேலே மூன்று விளக்குகள். நடுவில் தங்கப் பூச்சு, இடப்புறம் கண்ணாடி மெருகு, வலப்புறம் மங்கல் மெருகு. மங்கல் ரேசரைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. சாம்பல் நிறம். பொடி மணலை வேகமாக அடித்து உலோகத்தின் பளபளப்பைக் கொன்றிருந்தார்கள். விரலில் உட்காரும் என்று பார்த்தாலே தெரிந்தது. கையை நீட்டினேன்.

"தொடாதீங்க" என்றார் பளபளப்பு நிபுணர். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கிய மெலிந்த மனிதர். ரேசரைப் பார்க்கும்போது மட்டும் அவர் முகத்தில் பாசம் தெரியும். "உங்க விரல்ல எண்ணெய் இருக்கு, வேர்வை இருக்கு. ரேகை பதிஞ்சா மேற்பரப்பு கெட்டுடும். கையுறை போட்டுக்கோங்க."

வெள்ளைப் பருத்திக் கையுறை. மச்சினன் கொண்டுவந்து மாட்டிவிட்டான்.

"சவரம் பண்ணும்போது கை ஈரமாத்தானே இருக்கும்?"

"அது உங்க வீட்ல. இங்க தரம் பார்க்கறோம். கையுறை நனையக்கூடாது. நுரையை உதவியாளர் தடவுவார்."

மச்சினன் நுரை தடவினான். நான் ரேசரை எடுத்துக் கன்னத்தில் இழுத்தேன். நுரை போயிற்று, மயிர் அப்படியே இருந்தது. தலைப்பகுதியைத் திருகித் திறந்து பார்த்தேன்.

"பிளேடு இல்லையே?"

பாதுகாப்பு அதிகாரி சுவரோரமாக நின்றிருந்தவர் முன்னால் வந்தார். "பிளேடு கூர்மையான பொருள். கூர்மையான பொருள் இந்தக் கட்டடத்துக்குள்ள வரக்கூடாது."

"அப்ப எப்படிச் சவரம் ஆகும்?"

நிபுணர் அலுத்துக்கொண்டார். "நாம பிளேடை ஒப்பிடலீங்க, மேற்பரப்பை ஒப்பிடறோம். நீங்க செய்யற மாதிரி செய்யுங்க."

மூன்று ரேசராலும் பிளேடில்லாமல் முகத்தை இழுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு நிபுணர் கேள்வி கேட்டார். சவரத்துக்குப் பின் தோல் எப்படி உணர்கிறது? சவரமே ஆகவில்லை என்றேன். எரிச்சல் இருக்கிறதா? இருக்கிறது, தோலில் இல்லை என்றேன். 'எரிச்சல் இல்லை' என்று உதட்டை அசைத்தபடி எழுதினார். வழுக்கியதா? பருத்திக் கையுறையில் உலர்ந்த உலோகம் எப்படி வழுக்கும்? இல்லை என்றேன். மூன்றுக்கும் அதே கேள்வி, மூன்றுக்கும் அதே பதில்.

இப்படியே பல நாள் ஓடிற்று. முகத்தைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். இடக்கன்னம் கண்ணாடி மெருகுக்கு, வலக்கன்னம் மங்கலுக்கு, மேலுதடு தங்கத்துக்கு. எதற்கும் பிளேடு கிடையாது என்பதால் மூன்று பகுதியும் ஒரே சீராகத் தாடி வளர்த்தன. நிபுணர் அதை அளந்து, மூன்று மெருகும் ஒரே அளவு செயல்திறன் காட்டுகின்றன என்று எழுதினார். தெருவில் என்னைப் பார்த்த, என் லாரியில் இருந்த பழைய கிளீனர் ஒருவன், சாமியாராகப் போகிறேனா என்று விசாரித்தான்.

என் மனைவி வேறு விதமாக விசாரித்தாள். "தாடி மழிக்கிற ஆபீசுக்குப் போயிட்டு தாடியோட வர ஒரே ஆள் நீங்கதான்."

"உன் தம்பிகிட்டக் கேளு."

"கேட்டேன். அத்தான் ரொம்ப ஒத்துழைக்கிறார்னு பெரியவர் பாராட்டினாராம்."

பெரியவர் என்பது இயக்குநர். அவர் ஒருநாள் பார்வையிட வந்தார். வழுவழுவென்று மழித்த, ஒரு கீறல்கூட இல்லாத தாடை. கண்ணாடி மெருகு ரேசரைக் கையுறையோடு தூக்கி விளக்குக்கு நேரே பிடித்து, உதட்டை விரித்துத் தன் பல் வரிசையை அதில் பார்த்துக்கொண்டார்.

"எவ்வளவு தெளிவு பாருங்க. ஒரு நோயாளி. அவனைப் பார்க்க யாரும் வரல. வெளியுலகமே தெரியாது. அவன் கண்ணு முன்னாடி இந்தக் கருவி வருது. அதுல அவன் தன் முகத்தைப் பார்க்கிறான். என்ன ஒரு ஆறுதல். இதை யாராவது யோசிச்சாங்களா?"

யாரும் யோசித்திருக்கவில்லை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். மச்சினனும் ஆட்டினான். பெரியவர் போகும்போது அவன் தோளில் தட்டினார். சோதனை அறைக் கண்காணிப்பாளர் பதவி காலியாக இருந்தது. அந்த நிலையத்தில் பதவி என்றால் நாற்காலி. உதவியாளனுக்கு ஸ்டூல், கண்காணிப்பாளருக்குக் கை வைத்த நாற்காலி, நிபுணருக்குச் சுழல் நாற்காலி. மச்சினன் இருபது வருஷத்துக்கு மேலாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன்.

நான் விடாமல் பிளேடு கேட்டேன். கடைசியில் பாதுகாப்பு அதிகாரி இணங்கினார். இரும்புப் பெட்டியில் பிளேடு வந்தது. வாசலில் ஆம்புலன்ஸ் நிறுத்தினார்கள். தரையில் மஞ்சள் கோடு போட்டு எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் நின்றார்கள். நான் கன்னத்தில் வைத்து இழுத்தேன். கரண்டியால் சுரண்டுகிற மாதிரி இருந்தது.

"இதுல கூரே இல்லையே."

"தேய்ச்சு எடுத்துட்டோம்" என்றார் பாதுகாப்பு அதிகாரி. அவர் குரலில் ஒரு தாயின் கனிவு. "உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நாங்கதானே பதில் சொல்லணும்."

வார்டுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அண்ணன் தாடையில் புதுப் பஞ்சு. ஒரு காயம் ஆறுவதற்குள் அடுத்தது. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாற்றி வைத்தால் நிலையத்துக்கு வசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அவரிடம் சொன்னேன்: "அண்ணே, கொஞ்சம் பொறுங்க. மங்கலை வர வெச்சுடறேன். மச்சினன் கூடவே இருக்கான்." அவர் இமையை மூடித் திறந்தார்.

அதன்பிறகு நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அதிகாரிகள் எல்லோரும் டீக்குப் போயிருந்த நேரம். அறையில் மச்சினனும் நானும். பையிலிருந்து கடையில் வாங்கிய பிளேடை எடுத்தேன்.

"மாப்ளே, ரெண்டே நிமிஷம். கையுறையைக் கழட்டறேன். கையை நனைக்கறேன். வார்டுல எப்படிச் செய்யறாங்களோ அப்படி. நீ பார்த்துட்டு இரு. பார்த்ததை மட்டும் சொல்லு, அது போதும்."

அவன் கதவைப் பார்த்தான். "சீக்கிரம் அத்தான்."

மங்கல் மெருகில் பிளேடைப் போட்டு வலக்கன்னத்தை மழித்தேன். சோப்பு வழிந்தது, தண்ணீர் வழிந்தது. கைப்பிடி விரலோடு ஒட்டிக்கொண்டு சொன்ன இடத்துக்குப் போயிற்று. ஒரு கீறல் இல்லை. பிளேடை மாற்றி, கண்ணாடி மெருகால் இடப்பக்கம் ஆரம்பித்தேன். கன்னம் வரைக்கும் சமாளித்தேன். தாடை வளைவில் திரும்பும்போது கைப்பிடி தானாகச் சுழன்றது. சுருக்கென்றது. ரத்தம் கழுத்தில் இறங்கி, வெல்வெட் மெத்தை வரைக்கும் போயிற்று.

மச்சினன் ஓடிவந்து துண்டை வைத்து அழுத்தினான்.

"பார்த்தியா?"

"பார்த்தேன் அத்தான். கையிலேயே சுத்திச்சு. நல்லாப் பார்த்தேன்."

"சொல்லுவியா?"

"பெரிய அத்தானுக்காக இதைக்கூடச் சொல்ல மாட்டேனா?"

அந்தத் துண்டை அழுத்தியிருந்த கையை நான் நம்பினேன். வாழ்க்கையில் அதிகம் பேரை நம்பிப் பழக்கமில்லாதவன் நம்பும்போது மொத்தமாக நம்பிவிடுகிறான்.

முடிவு எடுக்கிற கூட்டம் மேல் மாடியில் நடந்தது. நீள மேசை. எனக்கும் ஒரு இடம் போட்டிருந்தார்கள், முன்னால் 'முகம்' என்று ஒரு அட்டை. மச்சினன் சுவரோரம் நின்றான். பேசச் சொன்னதும் எழுந்தேன்.

"எனக்குச் சுத்திப் பேச வராது. கண்ணாடி மாதிரி இருக்கறது கையில நிக்காது. ஈரக் கையில சுத்துது. சுத்தினா வெட்டுது. இதோ என் தாடையைப் பாருங்க. ஆஸ்பத்திரியில என் அண்ணன் இருக்காரு. வலிக்குதுன்னு சொல்ல அவருக்கு வாய் வராது. அவர் மாதிரி எத்தனையோ பேர் இருப்பாங்க. மங்கலா இருக்கறதைக் கொடுங்க. அவ்வளவுதான்."

முதலில் பாதுகாப்பு அதிகாரி பேசினார். "நிலையம் தொடங்கினதிலிருந்து இந்தக் கட்டடத்துக்குள்ள ரத்தம் சிந்தினது இல்லை. அந்தப் பெருமை போயிடுச்சு. யாருக்குக் காயம்ங்கறது வேற விஷயம். கட்டடத்துக்கு என்ன பதில்?"

அடுத்தது நிபுணர். "நடந்தது துரதிர்ஷ்டம்தான். ஆனா அறிவியல் பார்வையில ஒரு வாய்ப்பு. கண்ணாடி மெருகு மேல பட்ட ரத்தத்தைத் துடைச்சுப் பார்த்தேன். ஒரே துடைப்புல போயிடுச்சு. சுவடே இல்லை. மங்கல் மேல பட்டிருந்தா கறை தங்கியிருக்கும். அடிக்கடி வெட்டுப்படற சூழல்ல எது சுத்தமா இருக்கும்னு குழுவே யோசிக்கணும்."

குழு யோசித்தது. சிலர் குறித்துக்கொண்டார்கள்.

இயக்குநர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு. "ஐயா, உங்க உணர்வை மதிக்கிறோம். ஆனா ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். கைப்பிடியை விடாம பிடிக்கிறது பிடிக்கிறவர் பொறுப்பு. மேற்பரப்புதான் நம்ம பொறுப்பு. அவங்க வேலையையும் நாமே செய்ய ஆரம்பிச்சா, நம்ம வேலையை யார் செய்வா? சரி, நடந்தப்ப கூட இருந்தது யாரு?"

மச்சினன் ஒரு அடி முன்னால் வந்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் மேசையைப் பார்த்தான்.

"கருவி கையில சுத்திச்சா?" என்று கேட்டார் இயக்குநர்.

"பயனாளர் கையுறையைக் கழட்டினாருங்க" என்றான். "அதை நான் பார்த்தேன். கருவி சுத்தினதைக் கவனிக்கலைங்க. பயனாளருக்கு அந்த இடத்துல ஏற்கெனவே பரு இருந்துச்சுங்க."

அன்றைக்கு வரைக்கும் அவன் வாயில் நான் பயனாளர் ஆனதில்லை. என் கல்யாணத்தன்று அரை டிரவுசரோடு ஓடிவந்து அத்தான் என்று கூப்பிட்டவன். உட்கார்ந்துவிட்டேன். கோபம் வந்தால் எழுந்து நிற்கத் தோன்றும். இது வேறு என்னவோ.

"வருத்தமான விஷயம்" என்றார் இயக்குநர். "இருந்தாலும் நாங்க நியாயமா நடக்கணும். மங்கல் மெருகை இன்னொரு தடவை சோதிக்கலாம்னு நானே சொன்னேன். ஸ்டோர்ல கேட்டேன். மங்கல் மெருகு ஒண்ணுகூட இருப்புல இல்லை. வந்த பெட்டி காலி. கண்ணாடி மெருகு வந்தது வந்தபடி அப்படியே இருக்கு. ஒண்ணு இருப்புல நிக்குது, ஒண்ணு நிக்கல. எது நிலைச்சு நிக்கும்ங்கறதுக்கு இதைவிட என்ன அத்தாட்சி? இருப்புலயே இல்லாத ஒரு பொருளை மக்களுக்குப் பரிந்துரைக்க எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கல."

கைதட்டினார்கள். கண்ணாடி மெருகு தேர்வாயிற்று. தங்கப் பூச்சு விருந்தினர்களுக்குக் கொடுப்பதற்கென்று தீர்மானமாயிற்று. என் ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லி, பளபளக்கிற ரேசர் ஒன்றை அட்டைப்பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் அதை அந்த நீரூற்றுக்குள் போட்டுவிட்டுப் போனேன்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, "ஏதாவது காரணம் இருக்கும். நேர்ல போய்க் கேளுங்க. நான் கேட்டா அழுவான்" என்றாள்.

மறுநாள் காலையில் மச்சினன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. பின்கட்டில் வாஷ்பேசின் முன்னால் பனியனோடு நின்று முகத்தை மழித்துக்கொண்டிருந்தான். பாதி முகத்தில் நுரை. என்னைக் கண்ணாடியில் பார்த்ததும் கை நின்றது.

கையில் மங்கல் மெருகு ரேசர். கைப்பிடி அடியில் நிலையத்தின் மாதிரிச் சீட்டுகூடப் பிரிக்காமல் ஒட்டியிருந்தது.

அவனாகச் சொன்னான்.

"எல்லாரும் எடுத்துட்டுப் போனாங்க அத்தான். நான் மட்டும் இல்லை. நிபுணர் ரெண்டு எடுத்தாரு, மருமகனுக்கும் சேர்த்து. பெரியவர் வீட்டுக்கு நான்தான் கொண்டு போய்க் கொடுத்தேன். பாதுகாப்பு அதிகாரிக்குக் கிடைக்கலைன்னு இன்னும் கோபம்."

"அப்ப எல்லாருக்கும் தெரியும்."

"தெரியாம இருக்குமா அத்தான்? தினமும் முகம் மழிக்கிறவங்கதானே."

"உனக்குத் தெரிஞ்சும், பரு இருந்துச்சுன்னு சொன்ன."

அவன் குழாயைத் திறந்தான், மூடினான். "நாற்காலி வந்திருக்கு அத்தான். நேத்திக்குப் போட்டாங்க. ரிடயர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான். கை வைக்க ஒரு இடம் வேணும்னு இத்தனை வருஷமா ஆசை. நான் சொல்லியிருந்தாலும் அவங்க இதைத்தான் எடுத்திருப்பாங்க. என் ஒருத்தன் வாயாலயா மாறப் போகுது?"

"மாறாதுன்னா சொல்லிட்டுப் போயிருக்கலாமே."

அவன் ரேசரைக் கழுவி, துண்டில் துடைத்து, என்னிடம் நீட்டினான். கண் கலங்கியிருந்தது. "இதை எடுத்துக்கோங்க அத்தான். பெரிய அத்தானுக்கு."

"வாசல்லயே பிடுங்கிடுவாங்க. உனக்குத் தெரியும்."

"அப்ப நீங்களாவது வெச்சுக்கோங்க."

"நீயே வெச்சுக்கோ மாப்ளே. பாதி முகம் பாக்கி இருக்கு."

திரும்பி நடந்தேன். வாசலைத் தாண்டும்வரைக்கும் அவன் கூப்பிடுவான் என்று நினைத்தேன். தண்ணீர்க்குழாய்ச் சத்தம்தான் கேட்டது. அவன் மிச்ச முகத்தை மழித்துக்கொண்டிருந்தான். ஆபீசுக்கு நேரமாகியிருக்கும்.

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன் வந்தா டீ போட்டுக் கொடுப்பேன். உட்காருன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். அவள் தம்பி விஷயத்தில் அவள் கொடுத்த ஆகப்பெரிய தண்டனை அது. அவன் வரவே இல்லை.

வார்டுக்குப் புதுச்சரக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு கண்ணாடி மெருகு ரேசர். வெயில் ஜன்னலில் ஏறுகிற நேரத்தில் வார்டின் கூரை முழுக்க ஒளித்துண்டுகள் ஆடும். பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று பாராட்டிவிட்டுப் போவார்கள்.

அண்ணன் தாடையில் பஞ்சு ஒட்ட இடமில்லை. நான் வார்டு ஆளிடம் சொன்னேன்: "இனிமே எங்க அண்ணனுக்கு நான் செய்யறேன். உங்க ரேசர்லயே."

"தாராளமா. எனக்கு ஒரு முகம் குறையும்."

பாத்திரத்தில் வெந்நீர் வைத்தேன். நுரையைப் பொறுமையாக, பஞ்சை ஒதுக்கி ஒதுக்கித் தடவினேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பல மாதம் கழித்து அந்தக் கண்ணில் பயம் இல்லாமல் இருந்தது. நான் செய்கிறேன், அதனால்.

கைக்குட்டையை எடுத்துக் கைப்பிடியில் சுற்றினேன். வார்டு ஆள் ஓடிவந்தார்.

"ஐயா, துணி சுத்தக்கூடாது. நிலையத்துல இருந்து உத்தரவு வந்திருக்கு. மேற்பரப்புல கீறல் விழுந்தா என்னைக் கேப்பாங்க."

துணியை எடுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் கையைத் துடைத்தேன், கைப்பிடியைத் துடைத்தேன், மறுபடி இழுத்தேன். ஒரு கன்னம் முடிந்தது. மறு கன்னமும் முடிந்தது. மேலுதட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு முடித்தேன். வெட்டு இல்லை. வார்டு ஆள்கூடத் தலையை ஆட்டினார். பக்கத்துக் கட்டில்காரரின் மகள், "நீங்களே எங்க அப்பாவுக்கும் செஞ்சுடுங்க தாத்தா" என்றாள்.

தாடைக்கு வந்தேன். பழைய காயங்களுக்கு நடுவில் விரலகலம் தோல் இருந்தது. அதில் வைத்து மெதுவாக வளைத்தேன். கைப்பிடி விரலுக்குள் சுழன்றது. பிடிக்கப் பிடிக்கச் சுழன்றது.

முதலில் வெள்ளைக் கோடு. பிறகு சிவப்பு. நுரை நிறம் மாறிற்று.

அண்ணன் கண்ணை மூடவில்லை. ஜன்னல் பக்கமும் திருப்பவில்லை. என் முகத்திலேயே வைத்திருந்தார். வார்டு முழுக்க என்னைப் பார்க்கிறது என்று எனக்குத் தோன்றியது. பின்னாலிருந்து வார்டு ஆள் வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. துண்டை எடுத்து அழுத்தினேன். ஏதாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது.

"கொஞ்சம் ஆடாம இருங்கண்ணே" என்றேன்.